கப்பியில் தொங்கும் வாளி

எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வருகிற எவரும் முதலில் கேட்பது அந்த நீல வாளியைப் பற்றித்தான். கிணற்றில் தண்ணீர் இறைப்பதை விட்டு வெகு காலமாயிற்று. மோட்டார் வந்தது, பிறகு குழாயும் வந்தது. ஆனாலும் கப்பியும் கயிறும் அப்படியே இருக்கின்றன. கயிற்றின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, கிணற்றுக்குள்ளும் இறங்காமல் தரையையும் தொடாமல், என் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும். "இதென்ன மாமி, வாளியைத் தூக்குல போட்டிருக்கேள்?" என்று போன மாதம் கேபிள் சரிபார்க்க வந்தவர் கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். சொல்ல ஆரம்பித்தால் அவர் கேபிளை மறந்துவிடுவார். அந்த வாளி என்னுடையதே அல்ல. அடுத்த வீட்டு மாமாவுடையது. அவர் நாய்க்கு நான் விஷம் வைத்தேன் என்று நம்பின மாமாவுடையது.

ஆபீஸில் அவர் எனக்கு சார். தெருவுக்குள் நுழைந்துவிட்டால் மாமா. கரமனையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆபீஸில் அவர் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு மர அலமாரி. ஆக, என் ஆயுளில் நல்ல பாதி அவர் கண் பார்வையிலேயே கழிந்திருக்கிறது. தணிக்கைப் பிரிவில் சூப்ரண்டாக இருந்தவர். ஒரு ரசீதைக் கையில் எடுத்தால் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் திருப்பிப் பார்ப்பார். சில சமயம் மோந்துகூடப் பார்ப்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எனக்கொரு சம்சயம்" என்பார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டு பாத்ரூமில் போய் அழுதவர்களை எனக்குத் தெரியும். யாரையும் அவர் திருடன் என்று சொன்னதில்லை. சம்சயம் என்பதோடு நிறுத்திக்கொள்வார், மீதியை எதிராளியே நினைத்து நினைத்துச் சாகவேண்டும். ரிட்டயர் ஆனதும் அத்தனை சம்சயமும் தெருவுக்கு வந்து சேர்ந்தது. பால்காரர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், தராசில் கட்டைவிரலை வைக்கிற காய்கறிக்காரி, ஒருத்தரும் தப்பவில்லை. அவர் வீட்டு மாமி காலமான பிறகு அது இன்னும் முற்றிப்போயிற்று.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு நாய் வந்ததுதான் தெருவுக்கே அதிசயம். மடி, ஆசாரம் என்று ஈர வேஷ்டியோடு நடந்து பூஜை பண்ணுகிறவர் அவர். வெளிநாட்டுக்கு வேலையாகப் போன பிள்ளை, பெங்களூரில் தான் வளர்த்த லாப்ரடாரை, "ரெண்டே மாசம்ப்பா" என்று சொல்லி இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். பிள்ளைகள் கணக்கில் ரெண்டு மாசம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? நாய்க்கு லட்டு என்று பெயர். மாமாவுக்கு அந்தப் பெயரைத் தெருவில் சொல்லிக் கூப்பிட மானம் போயிற்று. வெளியே வந்தால், "ஏ ஸ்ரீமான், இங்க வாரும்" என்பார். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, "லட்டு, லட்டுக்குட்டீ" என்று குழைவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஆபீஸில் அந்தக் குரலை ஒருநாள் கேட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் எழுதி வைத்திருந்த ராஜினாமாவைக் கிழித்துப் போட்டிருப்போம்.

லட்டுவுக்கும் எனக்கும் முதலிலிருந்தே ஆகவில்லை. கொல்லைச் சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. அதன் வழியாக அவன் என் பக்கம் வருவான். லாப்ரடார் ஜாதிக்கு வயிறு என்பது ஒரு கிடங்கு. சோப்பைத் தின்பான், கொடியில் காய்ந்த துண்டைத் தின்பான். ஒரு கோடையில் நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேகாத வெயிலில் உட்கார்ந்து பிழிந்து வைத்த வடாம் அத்தனையையும், கீழே விரித்திருந்த வேஷ்டியோடு சேர்த்து நக்கித் தீர்த்தான். எனக்கு வந்த கோபத்தில் சுவரோரம் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். "இனிமே இந்தக் கொல்லையில கால் வச்சா, அது உசிரோட திரும்பாது, கேட்டேளா?" என்று. மாமா அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை மட்டும் நெற்றிக்கு ஏற்றினார்.

அது நடந்து கொஞ்ச நாளைக்குள் லட்டு படுத்துவிட்டான். காலையிலிருந்து வாந்தி. வாயில் எச்சில் நூல் நூலாக ஒழுகிற்று. வடாம் பாத்திரத்தைப் பார்த்துக்கூட வாலை அசைக்கவில்லை. மறுநாள் கொஞ்சம் தெளிந்தான். தெளிந்ததும் மாமா இடிந்த சுவரைத் தாண்டி என் கொல்லைக்கு வந்தார். நேரே என் செவ்வரளியின் முன்னால் போய் நின்றார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, வருஷம் பூராவும் கொத்துக் கொத்தாய்ப் பூக்கிற செடி அது. பிரதோஷத்தன்றைக்கு மாமாவே வந்து ஒரு கூடை பறித்துக்கொண்டு போவார். அவர் வீட்டுச் சிவனுக்கு அபிஷேகம் செய்து அரளி மாலை சாத்துவது மாமி இருந்த காலத்திலிருந்து வழக்கம். இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்கொரு சம்சயம்" என்றார். "அரளி நாய்க்கு ஆகாதாக்கும். போன்ல பாத்தேன். இலை, பூ, தண்டு, எல்லாம் விஷம்."

அவன் என் அரளியைத் தின்றதை யார் பார்த்தது என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லையாம். சம்சயம்தானாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வள்ளியூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அரளியை அடியோடு வெட்டச் சொன்னேன். "நல்ல பூக்குற செடிலா, எதுக்கும்மா வெட்டச் சொல்லுதீக?" என்று அவர் ரெண்டு தடவை கேட்டார். வெட்டியதையெல்லாம் கொல்லை மூலையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். இடிந்த சுவரையும் அவரை வைத்தே அடைத்தேன். வேலை முடிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு மாமா வீட்டு வாசலில் போய் நின்று, "வெட்டியாச்சு, மாமா. இனி உங்க சம்சயத்துக்கு வேற ஆளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அரளி நின்ற வெற்றிடத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னது திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி அடுத்த பிரதோஷத்தைத் தாண்டி நிற்கவில்லை. அது கழிந்த மறுநாள் காலை, லட்டு மாமாவின் கூடத்தில் நிற்க முடியாமல் கால் மடங்கி விழுந்தான். என் வீட்டுக்காரர்தான் காரை எடுத்தார். மாமா பின்சீட்டில் அந்தத் தடித்த நாயை மடியில் போட்டுக்கொண்டு, மடியாவது ஆசாரமாவது, அதன் எச்சிலைத் தன் அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டே போனாராம். மிருக ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா நாயின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாராம். துடிப்பு மெதுவாகவும் தாறுமாறாகவும் இருந்திருக்கிறது. நிமிர்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் அரளி உண்டோ?" என்பதுதான். மாமா, "இல்லை. பக்கத்து வீட்டுல இருந்தது, அதையும் வெட்டியாச்சு" என்றிருக்கிறார். கரி மருந்து கொடுத்து, டிரிப் ஏற்றி, அன்றைக்கு முழுக்க அங்கேயே வைத்திருந்து காப்பாற்றிவிட்டார்கள்.

நாய் பிழைத்தது. நான்தான் மாட்டிக்கொண்டேன். செடி இருந்தபோது வந்தது வெறும் வாந்தி. செடியை வெட்டிய பிறகு உயிருக்கே வந்தது. அப்படியானால் யாரோ கையால் கொடுத்திருக்க வேண்டும். வெட்டிய அரளி யார் கொல்லையில் கிடக்கிறது? உசிரோடு திரும்பாது என்று கத்தினது யார்? மாமா இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடைத்த சுவருக்கு மேலாக என் கொல்லை மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தக் குழி மூடினபடியே இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். "மண்வெட்டி தரேன், தோண்டிப் பாருங்கோ" என்றேன். அவர் தோண்டவில்லை. தெரு தோண்டியது. கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்த சுண்டலை ஒருத்தி வாங்கி, சாப்பிடாமல், புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, "நீ ஒண்ணும் போடலியே?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு மோர் கிடைக்கவில்லை.

அப்போது எனக்கும் ஒரு சம்சயம் பிறந்தது. ஏன், அவருக்கு மட்டும்தான் வருமா? ரெண்டு மாசம் என்று தலையில் கட்டின நாய். மடிக்கு இடைஞ்சல். ஊரார் பேச்சு. பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மாமாவே ஏதாவது செய்துவிட்டு, பழியை என் மேல் போடுகிறாரோ? நினைக்கவே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் நினைத்தேன். அவரிடம் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு இதையாவது கற்றுக்கொள்ள மாட்டேனா? ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, எங்கள் மாடிப்படி ஜன்னலில் நின்று அவர் கொல்லையைப் பார்க்க ஆரம்பித்தேன். விடிகாலையில் காபியும் கையுமாக நிற்பேன். லட்டு எங்கே மோப்பம் பிடிக்கிறான், எதை வாயில் போடுகிறான், மாமா அவனுக்கு எதைப் போடுகிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தயிர் சாதம் போட்டார். அதை முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி எடுத்தார். லட்டு சாப்பிட்டு முடிகிறவரை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். என் சம்சயம் அந்த ஜன்னலிலேயே செத்துப்போயிற்று. ஆனால் நாயைக் கொல்லப் பார்ப்பது மாமா இல்லை என்றால், நானும் இல்லை என்றால், அப்புறம் யார்?

அடுத்த பிரதோஷமும் வந்து போனது. என் அரளி இல்லாததால் மாமா முந்தின தடவை போலவே கிழக்கேகோட்டைப் பூக்கடைக்கு பஸ்ஸில் போய் இலைப் பொட்டலத்தில் மாலை வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை ஜன்னலில் நின்றேன். மாமா ஈர வேஷ்டியோடு பூஜை அறையிலிருந்து வந்தார். கையில் ஒரு பெரிய தாம்பாளம். அதில் முந்தின நாள் சாத்தின பூக்களும், பாலும் தேனும் இளநீரும் கலந்த அபிஷேகத் தண்ணீரும் இருந்தன. அத்தனையையும் துவைக்கிற கல்லின் பக்கத்தில் இருந்த நீல வாளியில் கொட்டிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே போனார். நிர்மால்யத்தைக் காலில் மிதிபடுகிற இடத்தில் போடக் கூடாது என்பது எங்கள் எல்லார் வீட்டு வழக்கமும்தான். ஆற்றில் விடுவோம். சில மாதமாகப் படித்துறையில் இறங்க முழங்கால் இடம் கொடுக்காததால் மாமா அதை வாளியில் ஊற வைத்திருந்து, வெயில் தாழ்ந்ததும் தென்னை மூட்டில் ஊற்றுவார். அவர் தலை மறைந்தது. லட்டு வந்தான். வாளிக்குள் மூக்கை விட்டான். பாலும் தேனும் ஆயிற்றே! சளப் சளப் என்று குடிக்க ஆரம்பித்தான்.

ஐயோ பகவானே என்று கத்தினேனா என்று நினைவில்லை. அடைத்த சுவரை எப்படித் தாண்டினேன் என்பதும் நினைவில்லை. முழங்கையில் தழும்பு மட்டும் இருக்கிறது. லட்டுவைப் பிடித்து இழுத்தேன், நகரவில்லை. காலால் ஓங்கி ஒரு உதை விட்டேன் வாளியை. அது உருண்டு, சிவப்பு அரளியெல்லாம் கல்லில் சிதறிற்று. நிமிர்ந்தால் கதவில் மாமா. அவர் கண்ணால் பார்த்தது இதுதான்: விடிகாலையில் அவர் கொல்லைக்குள் நான், என் பிடியில் அவர் நாயின் கழுத்து, என் காலடியில் சுவாமி பூ.

"பிடிச்சுட்டேன். கையும் களவுமா பிடிச்சுட்டேன்" என்றார். "சுவாமிக்குச் சாத்தினதைக் காலால உதைச்சியேடீ, பாவீ! நாயை மட்டும் விட்டுடுவியா நீ?"

"மாமா, கத்தாதேங்கோ. அவன் வாயைப் பாருங்கோ" என்றேன்.

லட்டுவின் தாடையில் ஒரு செவ்வரளிப் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா கிட்டே வந்தார். அதை எடுத்தார். அவர் கை அதைத் தானாகவே வெளிச்சத்துக்குக் கொண்டுபோனது. வாளியைப் பார்த்தார். பூஜை அறையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறவில்லை. "இது நிர்மால்யமில்லியா" என்றார், என்னிடம் இல்லை, யாரிடமோ. "இது அரளி இல்லியே. சுவாமிக்குச் சாத்தினதில்லியா." அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை. செடியில் இருந்தால் அது அரளி. சுவாமி மேல் ஏறி இறங்கிய பிறகு அது அவருக்கு அரளியே இல்லை. அதைத் தப்பாக நினைக்க எனக்கும் அன்றுவரை தோன்றியதில்லை, எங்கள் தெருவில் எவருக்கும் தோன்றியிருக்காது. அந்தத் தடவை காரில் நானும் ஏறினேன். முதல் வாந்தியும் ஒரு பிரதோஷத்துக்கு மறுநாள்தான் வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூ ஊறின தண்ணீரும் விஷம்தான், அதுவும் இதயத்தைத்தான் பிடிக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். கொஞ்சமே குடித்திருந்ததால் சாயங்காலமே லட்டு எழுந்து நின்றான். எழுந்ததும் என் கைப்பையைத் தின்னப் பார்த்தான்.

மாமா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது? மறுநாள் அவர் தன் கிணற்றுக் கப்பியில் அந்த வாளியைக் கட்டித் தலைக்கு மேலே ஏற்றினார். சிவனுக்கு அரளியை நிறுத்தி, நந்தியாவட்டையும் வில்வமும் போட்டார். கோயிலில் எல்லார் காதிலும் விழும்படி, "என் நாய்க்கு விஷம் வச்சது நானாக்கும். இவ இல்லை" என்று சொன்னார். அவ்வளவுதான். அப்புறம் சம்சயத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தணிக்கை பண்ணக் கிளம்பிவிட்டார். லட்டுவின் சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். வேலியில் குன்றிமணி படர்ந்தால் பிடுங்கச் சொல்வார். ஊமத்தை, மஞ்சள் அரளி, செங்காந்தள் எதுவும் தப்பாது. வரவேற்பறையில் அழகுக்கு வைக்கிற அந்தப் புள்ளி இலைத் தொட்டிகளை உயரத்தில் தூக்கி வைக்கச் சொல்வார். "அதைக் கடிச்சா நாக்கு வீங்கிப் போகும், கேட்டேளா" என்பார். நாயே இல்லாத வீட்டிலும் சொல்வார். ஜனங்கள் அவரைக் கண்டால் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

கடைசியில் பிள்ளை வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான். தனியாக விட முடியாத உடம்பாகிவிட்டது. அத்தனை தூரத்துக்கு, அந்த வயதில் லட்டுவை விமானத்தில் ஏற்ற வழியில்லை. யாரிடம் விடுவது என்று பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமா சுவரோரம் வந்து சங்கிலியை இந்தப் பக்கம் நீட்டினார். இன்னொரு கையில் வாளி. "எனக்கொரு சம்சயம்" என்றார். சொல்லுங்கோ என்றேன். "இவன் என்னைத் தேடுவனோ?" என்று கேட்டார். சங்கிலியையும் வாளியையும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் வீடியோ கால் வரும். "எனக்கொரு சம்சயம். இன்னைக்கு என்ன சாப்பிட்டான்? நீ ருசி பாத்தியா? வாளி எங்க இருக்கு, காட்டு." போனைக் கொல்லைக்குக் கொண்டுபோய், வாளியை அவரைப் போலவே நான் கட்டி ஏற்றியிருந்த எங்கள் கிணற்றுக் கப்பியைக் காட்டுவேன். "இன்னும் ஒரு முழம் ஏத்து" என்பார். இந்தப் பக்கம் லட்டு குரலைக் கேட்டு போனை நக்குவான். எரிச்சலாகத்தான் இருக்கும். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து வாளியைப் படம் காட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

போன வருஷம் ஒரு சாயங்காலம் கூப்பிட்டார். முகம் சுருங்கிப் போயிருந்தது. நான் வழக்கம்போல எழுந்து கொல்லைப் பக்கம் நடந்தேன். "எங்க போறே? உக்காரு" என்றார். வாளியைக் காட்ட வேண்டாமா என்றேன். "வேண்டாம். சம்சயம் ஒண்ணும் இல்லை. சும்மாதான் விளிச்சேன்" என்றார். லட்டுவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. போனை வைத்ததும் என் வீட்டுக்காரரிடம், "எனக்கொரு சம்சயம்" என்று சொன்னேன். அவர் என்ன என்று கேட்டார், நான் லட்டுவின் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனேன். அந்த வாரமே, மாமா போய்விட்டார் என்று பிள்ளையிடமிருந்து சேதி வந்துவிட்டது.

இப்போது லட்டுவுக்கு மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. இடுப்பு விழுந்துவிட்டது, தரையில் வைத்த கிண்ணத்துக்கே அவனை நான் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. கப்பி உயரத்துக்கு அவனால் இந்த ஜன்மத்தில் தாவ முடியாது. அரளி எங்கள் இரண்டு கொல்லையிலும் இல்லை, அந்த வாளியில் நான் எதையும் போடுவதும் இல்லை. காலியாகத்தான் தொங்குகிறது. இறக்கித் தரட்டுமா மாமி, செடிக்குத் தண்ணீர் விட உதவுமே என்று கேபிள்காரர் கயிற்றில் கையை வைத்தார். வேண்டாம் என்று தடுத்தேன். அன்று சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நடை கொல்லைக்குப் போனேன். கையில் போன் இருந்தது, எதற்கு எடுத்துக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்து வாளியை இன்னும் ஒரு முழம் ஏற்றிக் கட்டிவிட்டு வந்தேன்.